ஆகஸ்டு முதல் நாளுக்கு முன்

ஆண்டுதோறும் ஆகஸ்டு முதல் நாளன்று அரசு நடுநிலைப்பள்ளிகளில் உள்ள பிள்ளைகளின் தொகையைக் கணக்கிடுகிறார்கள். அக்கணக்கைக் கொண்டே பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்பது முடிவாகிறது. மிகுதி எனக் கண்டவர் பணி நிரவலில் வேறு ஊர் செல்கிறார். நூல் இருப்பையும் நெல் வரவையும் காசு பிசகாமல் பார்க்கும் நம் அங்கத்தினர்கள், தம் மக்கள் பயிலும் பள்ளியின் இந்தக் கணக்கை ஒருமுறையேனும் நோக்கியதுண்டா?

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி தொடக்க வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் 35 பிள்ளைக்கு ஒருவர். வகுப்புக்கு ஒருவரேனும் வேண்டும். கணிதமும் அறிவியலும் சேர்த்து ஒருவர், சமூகவியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர். மேல்வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் முழுநேரத் தலைமையாசிரியரும், ஓவியம், உடற்பயிற்சி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநரும் உண்டு.

இதை ஒரு பள்ளியில் வைத்துப் பார்ப்போம். கீழே ஐந்து வகுப்புகளில் 58 பிள்ளைகள். மேலே மூன்று வகுப்புகளில் 66 பிள்ளைகள் என்று கொள்வோம். கீழே இருவர், மேலே மூவர், ஆக ஐவர் இருந்தால் சட்டம் நிறைவு பெற்றது. ஆனால் வகுப்புகள் எட்டு. ஒருவர் பேறுகால விடுப்பிலும் மற்றொருவர் பயிற்சிக் கூட்டத்திலும் இருக்கும் நாளில் மூவர் எட்டு வகுப்புகளை மேய்க்கிறார்கள். கற்பிக்கிறார்கள் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. அம்மூவரில் ஒருவர் தலைமையாசிரியர் பொறுப்பையும் பதிவேடுகளையும் சுமப்பவர். சட்டம் தலைகளை எண்ணுகிறது, வகுப்புகளை எண்ணவில்லை. குறை இங்கேதான் என்பது நமது துணிபு.

ஆவடி விமானப்படைத் தளத்தை அடுத்த முத்தாபுதுப்பேட்டை போன்ற இடங்களில் இக்குறை இன்னும் கூர்மை பெறுகிறது. ஆவடி 2019-இல் மாநகராட்சியாயிற்று; சுற்றிலும் மனைகள் பெருகின. வேலை தேடி வரும் குடும்பங்கள் ஜூன் மாதம் பார்த்து வருவதில்லை. செப்டம்பரில் வந்து சேரும் பிள்ளை ஆகஸ்டுக் கணக்கில் இல்லாத பிள்ளை. பெஞ்சில் இடம் உண்டு, ஆசிரியர் எண்ணிக்கையில் இடமில்லை. ஆசிரியர் இல்லை என்று சற்று வசதியுள்ளோர் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறார்கள். தொகை குறைகிறது, அடுத்த ஆகஸ்டில் இன்னொரு ஆசிரியரும் போகிறார். எஞ்சுவது போக்கிடமற்ற வீட்டுப் பிள்ளை.

இதற்கு மாற்றாகச் சங்கமே ஓர் ஆசிரியரைச் சம்பளத்துக்கு அமர்த்தலாமே என்று அன்பர் சிலர் கூறுகிறார்கள். நல்லெண்ணமே, ஆயினும் நாம் உடன்படுவதற்கில்லை. 2022-இல் காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் தற்காலிகமாக நிரப்பலாம் என அரசு ஆணையிட்டபோது இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாயும் பட்டதாரி ஆசிரியருக்கு 10,000 ரூபாயும் வகுத்தது. அத்தொகைக்கு வருபவர் வேறு வேலை கிட்டியதும் போய்விடுவார். அவரைக் குறை கூறவும் இயலாது. தறியில் பாதிச் சேலையை ஒரு கையும் மீதியை வேறு கையும் நெய்தால் முந்தானை எப்படி இருக்கும் என்பதை நம் நெசவாளருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

நாம் கொடுக்கத்தக்கவை வேறு உள. 1958-இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நமக்கு அண்மையிலுள்ள கடம்பத்தூரில் நடந்தது. நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்த காலம் அது. ஊரார் பலகையும் நாற்காலியும் உடையும் மனமுவந்து வழங்கினர். ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்றது. அந்தப் பாகுபாடு இன்றும் சரியே. 2023 ஆகஸ்டில் அரசு தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்குமாறு வகுக்கப்பட்டது. ஒரே கூரையின் கீழ்த் தம்பி உண்ண, ஏழாம் வகுப்புத் தமக்கை வெறும் வயிற்றோடு முதல் மணிக்குக் காத்திருப்பதா? அவ்வுணவு எட்டாத வகுப்புகளுக்குச் சங்கத்தின் பொதுநல நிதியிலிருந்து ஏதேனும் செய்யலாம். அப்பிள்ளைகள் உடுத்தும் சீருடைத் துணி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நெய்து தந்தது. மதிய உணவின் அரிசி உழவர் விளைத்தது. வகுப்பில் நிற்கும் ஆசிரியரை மட்டும் நாம் நெய்யவோ விளைக்கவோ இயலாது. அவரைக் கேட்டுப் பெற வேண்டும்.

கேட்பதற்கு வழி இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராதல் வேண்டும். மொத்தத்தில் பாதி பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுக்கும் உரிமை அக்குழுவினுடையது. காலியிடம் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவு கூறுகிறது. குழுவில் இடம்பெற்றுள்ள நம் அங்கத்தினர்கள், சிறப்பாகத் தாய்மார்கள், ஜூலைக் கூட்டத்திலேயே வகுப்புவாரித் தொகை, அனுமதித்த பணியிடம், உண்மையில் பணியாற்றுவோர் ஆகியவற்றைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். இடையில் சேர்ந்த பிள்ளைகளை டிசம்பரில் மீண்டும் எண்ணுமாறும் அத்தீர்மானத்திலேயே கோரலாம். நகல் ஒன்று வட்டாரக் கல்வி அலுவலருக்கும், மற்றொன்று மாவட்டக் கல்வி அலுவலருக்கும் போகட்டும். மூன்றாவது நகலைச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால், அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் செய்வோம்.