ஏரிக்கரையில் சாலமாண்டர் கிடைக்குமா?

சென்ற ஆண்டு மழை தொடங்கிய சமயம், காவேரிப்பாக்கத்து மாணவர்கள் மூவர் ஒரு கண்ணாடிப் புட்டியோடு ஓடி வந்தார்கள். "சார், சாலமாண்டர் பிடித்துவிட்டோம்!" என்றான் ஒருவன். உள்ளே இருந்தது அரணை. பாவம், அது தவித்துக்கொண்டிருந்தது. முதலில் மூடியைத் திறக்கச் சொன்னேன்.

நண்பர்களே, அரணைக்கு உடலெங்கும் செதில் உண்டு. அது ஊர்வன இனம். சாலமாண்டருக்குச் செதில் கிடையாது, ஈரமான வெறும் தோல்தான். பார்வைக்குப் பல்லி போல இருந்தாலும் அது தவளைக்கு உறவு, அதாவது இருவாழ்வி.

எத்தனை இரவு டார்ச் லைட்டோடு அலைந்தாலும் நம் ஏரிக்கரையில் அது அகப்படாது. சாலமாண்டர்கள் வடபகுதிக் கண்டங்களில் தோன்றிப் பெருகியவை. நம் நிலமோ தெற்கே கோண்டுவானாவிலிருந்து பிரிந்து, நகர்ந்து வந்து ஆசியாவுடன் மோதியது. ஆகவே அவை கிழக்கு இமயமலையிலும் வடகிழக்கு மலைகளிலும் நின்றுவிட்டன. டார்ஜீலிங் பக்கம் வாழும் சாலமாண்டரை, 1871-இல் யுன்னானிலிருந்து விவரிக்கப்பட்ட இனத்தோடு சேர்த்தே நெடுங்காலம் எண்ணிவந்தார்கள். 2015-இல்தான் இமயமலைச் சாலமாண்டர் தனி இனமாகப் பெயர் பெற்றது. அங்கும் அது எளிதில் கண்ணில் படாது. கல்லடியிலும் சருகுக்கடியிலும் ஒளிந்து காலம் கழித்துவிட்டு, மழை வந்ததும் முட்டையிடக் குட்டைக்கு வரும்.

அப்படியானால் அந்த மூவரின் அலைச்சல் வீணா? இல்லை என்பதே என் கருத்து. தேடிய இடம் சரி. தேடிய பிராணிதான் தவறு. ஒளிந்து வாழும் இருவாழ்வி நம் ஊரிலேயே இருக்கிறது. மண்ணுக்குள் புதையும் குண்டுத் தவளையைச் சொல்கிறேன். அதன் பின்னங்காலில் மண்வெட்டி போன்ற கெட்டியான புடைப்பு உண்டு. அதனால் மண்ணைத் தள்ளிக்கொண்டே பின்பக்கமாக உள்ளே இறங்கும். வறண்ட மாதங்கள் முழுதும் அங்கேதான். நல்ல மழை பெய்த இரவில் வெளியே வந்து கத்தும். பிறகு மறுபடி மறைந்துவிடும்.

இதை ஏன் தேட வேண்டும்? நாம் இருப்பது தோல் பதனிடும் வட்டாரம். ஆலைக் கழிவிலிருந்த உப்பும் குரோமியமும் பாலாற்றுப் பகுதியின் மண்ணையும் நீரையும் கெடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தவளை தோலாலும் சுவாசிக்கும், தோலாலேயே நீரை உறிஞ்சும். அதன் முட்டைக்கு ஓடு இல்லை. நீரில் கலந்தது எதுவானாலும் முதலில் அதைத் தொடும். உலக இருவாழ்வி இனங்களில் ஏறத்தாழ 41 சதவீதம் அழிவின் விளிம்பை நோக்கிப் போகின்றன என்று 2023-இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு கூறியது. நம் ஏரியில் குரல்கள் குறைந்தனவா, கூடினவா என்று நாளை ஒருவர் கேட்டால், இன்று எழுதி வைத்த ஏடு வேண்டாமா?

இரவில் சுற்றினால் படிப்பு கெடும் என்று சில ஆசிரியர்கள் சொல்கிறார்கள். ஆண்டுக்கு நான்கைந்து இரவுகளால் எந்தப் படிப்பும் கெடாது. பாம்புப் பயம் மட்டும் நியாயமானது. வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள், செருப்பில்லாமல் போகாதீர்கள். புட்டி வேண்டாம். தேதி, மழை, இடம், கேட்ட குரல் ஆகியவற்றைக் குறித்தால் போதும்.

இந்த ஆண்டு அதே மூவரும் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார்கள். மூன்று விதக் குரல் கேட்டதாக எழுதியிருந்தார்கள். இரண்டை நான் கண்டுகொண்டேன். மூன்றாவதை அவர்கள் வாயால் கத்திக் காட்டியும் எனக்குப் புரியவில்லை. அடுத்த மழைக்கு என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.