கல்லை அடுக்கிய கை எவர் கை?

பிறன் பொருளைக் கவர்வோன் கள்வன். பிறன் உழைப்பின் பயனைக் கவர்வோன் சுரண்டுவோன். பிறனுடைய முன்னோரின் கைவினையையே கவர்வோனுக்கு என்ன பெயர் இடுவது? உலகம் அவனுக்கு ‘ஆராய்ச்சியாளன்’ என்று பெயர் இட்டிருக்கின்றது! அவன் நூலைப் பல மொழிகளிற் பெயர்த்து விற்கின்றது. தொலைக்காட்சியில் இருக்கை இட்டு அமர்த்தி, அவன் சொல்வதை வாய்பிளந்து கேட்கின்றது.

அவன் சொல்வது இதுதான்: பண்டை மாந்தனால் இவ்வளவு பெரிய கல்லைத் தூக்கியிருக்க முடியாது, இவ்வளவு நேரான கோட்டைக் கிழித்திருக்க முடியாது, இவ்வளவு நுண்ணிய கணக்கைப் போட்டிருக்க முடியாது, எனவே வேற்றுக் கோளிலிருந்து எவரோ வந்து செய்து கொடுத்திருக்க வேண்டும்! ‘முடியாது’ என்பதற்கு அவன் காட்டும் சான்று யாது? தன்னால் முடியாது என்பது ஒன்றே!

இக்கதையை உலகெங்கும் பரப்பியவர் சுவிட்சர்லாந்து நாட்டு விடுதி மேலாளராகிய எரிக் வான் தானிக்கன் என்பார். 1968-இல் வெளிவந்த அவருடைய முதல் நூல், எகிப்தின் கூம்பகங்களையும் பெரு நாட்டு நாசுகாக் கோடுகளையும் ஈசுட்டர்த் தீவின் கற்சிலைகளையும் விண்ணவர் வருகைக்குச் சான்றாக அடுக்கிற்று. ஈராண்டுக்குள், 1970-இல், பணமோசடிக்கும் கையாடலுக்குமாகச் சுவிசு வழக்குமன்றம் அவரை ஒறுத்தது. ஆயினும் நூலின் விற்பனை குறையவில்லை. பணத்தைக் கையாடியது சிறு குற்றம். மாந்தக் கைகளின் வினையைக் கையாடியதே பெருங்குற்றம். அப் பெருங்குற்றத்தை விசாரிக்க எந்த மன்றமும் அமரவில்லை!

ஈசுட்டர்த் தீவின் சிலைகளை எவ்வாறு நிமிர்த்தினர் என்பது தீராப் புதிர் என்றார் தானிக்கன். அவர் நூல் எழுதுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே அப்புதிர் அவிழ்ந்திருந்தது. 1955-56-இல் அங்குச் சென்ற நார்வே நாட்டுத் தோர் எயர்தால், தீவு மக்களிடமே அதனைக் கேட்டார். 12 பேர் சேர்ந்து, மரக்கழிகளை நெம்புகோலாக்கி, சிலையின் அடியிற் கற்களை இட்டு இட்டு உயர்த்தி, வீழ்ந்து கிடந்த சிலையொன்றை 18 நாளில் நிமிர்த்திக் காட்டினர்! இத்தனைக்கும் எயர்தாலே அத்தீவினரின் முன்னோர் தென்னமெரிக்காவிலிருந்து வந்தோர் என்னும் பிழைக் கருத்துடையவர். கேட்டவர் பிழையாக எண்ணினும், கை பிழையாகச் செய்யவில்லை. அம்மக்களின் விடையைக் கேளாமலே அதனைத் தீராப் புதிர் என்பதே அதிலுள்ள கொடுமை.

இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிரான்சு நாட்டின் வானளாவிய பெருங்கோயில்களைக் கண்டு, ‘இவற்றைப் பிரெஞ்சுக்காரன் கட்டியிருக்க முடியுமா?’ என்று எவனும் நூல் எழுதிப் பொருள் ஈட்டியதில்லை. அக்கேள்வி கறுத்த மாந்தனையும் சிவந்த மாந்தனையும் பழுப்பு மாந்தனையுமே பெரிதும் தேடி வருகின்றது. தென்னாப்பிரிக்க நிலப்பகுதியில் ‘பெருஞ் சிம்பாபுவே’ என்னும் மாபெரும் கற்கோட்டையை 1871-இல் கண்ட செருமானியர் கார்ல் மௌக்கு, அது சேபா நாட்டு அரசியோடு தொடர்புடையது என்றார். கறுப்பர் கட்டியதென்று சொல்ல வெள்ளையரின் நா எழவில்லை. 1905-இலும் 1929-இலும் அகழ்ந்த அறிஞர்கள் அது ஆப்பிரிக்கர் கட்டியதே என்று நிறுவிய பின்னும், அந்நாட்டை ஆண்ட வெள்ளையராட்சி அவ்வுண்மையை மூடி மறைக்கவே முயன்றது. ஏன்? கட்டியவன் வேறெவனோ எனில், நிலமும் வேறெவனுக்கோ உரியதாகிவிடும்! முன்னோரைப் பறித்தல் நிலத்தைப் பறித்தலின் முதற்படி. அதனாலன்றோ 1980-இல் விடுதலை பெற்ற அம்மக்கள், அக்கோட்டையின் பெயரையே தங்கள் நாட்டின் பெயராக்கினர்!

இக்கொடுமையைக் காண ஆப்பிரிக்கா வரை செல்லவேண்டுவதில்லை. உதகை வரை சென்றாற் போதும்.

1603-ஆம் ஆண்டில் மலையாளக் கரையிலிருந்து பெனிசியோ என்னும் இயேசுக் கழகத் துறவி நீலமலை ஏறினார். மலைவாழ் மக்களை அறிவதற்காக ஏறவில்லை. பண்டைக் கிறித்தவர் அங்கே மறைந்து வாழ்கின்றனர் என்று கேள்வியுற்று ஏறினார். அவர் கண்டதோ எருமை புரந்து வாழ்ந்த தோடரை. ஆக, மேலையர்க்கும் நீலமலைக்கும் நேர்ந்த முதல் உறவே, ‘இங்கிருப்பவர் வேறு எவரோ’ என்னும் தேடலில்தான் தொடங்கிற்று. பின்வந்தோர் அதனைத் தொடர்ந்தனர். 1832-இல் ஆர்க்னசு என்னும் படைத்தலைவர் தோடரின் மூக்கை உரோமர் மூக்கென்று எழுதினார். 1847-இல் காங்கிரீவு என்னும் இன்னொரு படைத்தலைவர், முகடுகளிலுள்ள கற்குவைகளை ஆராய்ந்து, தோடரைச் சிதியர் வழியினர் என்றார். காணாமற்போன இசுரவேற் குடியினர் என்றனர் வேறு சிலர். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கிரேக்க இளவரசர் பீட்டர், தோடர் ஓதும் பெயர்களிற் சுமேரியக் கடவுளரின் பெயர்களைக் கண்டதாகக் கூறினார்.

உரோமர், சிதியர், இசுரவேலர், சுமேரியர்! நீலமலையில் தோடர் மட்டும் தோடராக இருக்க இசைவில்லை போலும்! இவ்வரிசையில் இனி வரவேண்டியவர் விண்ணவர் ஒருவரே. முத்தநாடு மந்தில் நிற்கும் கூம்பு வடிவப் பாற்கோயிலைப் படம் பிடித்து, ‘இது விண்கலத்தின் உருவம்’ என்று நாளை எவனேனும் எழுதினால் வியப்பதற்கில்லை.

தோடர் யாவர் என்பதற்கு விடை எங்கே இருந்தது? தோடரின் வாயிலேயே இருந்தது! 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி ஆய்ந்த மொழியறிஞர் எமனோ, தோடரிடமும் கோத்தரிடமும் அமர்ந்து அவர்தம் சொற்களைக் கேட்டெழுதினார். கோத்தர் உரைகளை 1944 முதலும், தோடர் பாடல்களை 1971-இலும், தோட மொழி இலக்கணத்தை 1984-இலும் நூலாக வெளியிட்டார். அம்மொழிகள் திரவிடக் குடும்பத்தின் தென்கிளையில் தமிழோடு உடன்பிறந்தவை என்பதில் அதன்பின் ஐயத்துக்கு இடமே இல்லை. தமிழர் ‘பத்து’ என்பதைத் தோடர் ‘பொத்’ என்பர். தமிழர் ‘கண்’ என்பதைத் தோடர் ‘கொண்’ என்பர். தமிழர் ‘கை’ என்பதைத் தோடர் ‘கொய்’ என்பர். விண்ணிலிருந்தோ சுமேரியாவிலிருந்தோ வந்தவன் தன் கண்ணுக்கும் கைக்கும் இம்மண்ணின் சொல்லையா வைத்துக்கொண்டிருப்பான்?

அக்கற்குவைகளும் வாய் திறந்தே பேசுகின்றன. நீலமலையின் முதல் ஆணையராகிய பிரீக்சு என்பார் அகழ்ந்து கண்டவை, அவர் மறைவுக்குப் பின் 1873-இல் நூலாயின. அம்மலைக் குழிகளிற் கிடைத்த பொருள்கள் இன்றும் சென்னை அருங்காட்சியகத்திலும் இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்திலும் உள்ளன. அவை யாவை? இரும்பு ஈட்டிமுனை, அரிவாள், வெண்கலக் கிண்ணம், பொன்னணி, மூடிமேல் உருவங்கள் அமைந்த சுடுமண் கலங்கள். அம்மூடிகளில் யானை உண்டு, மயில் உண்டு, குதிரை உண்டு, ஆணும் பெண்ணும் உண்டு, கழுத்தில் மணி கட்டிய எருமையும் உண்டு. எந்த விண்மீன் மண்டிலத்தில் எருமைக்கு மணி கட்டுகின்றனர்? குழிகளிற் கண்ட அழகிய கிண்ணங்களிற் சில தொலைநாட்டு வணிகத்தால் வந்திருக்கலாம். பொருள் வந்ததாலேயே மக்களும் வந்தனர் ஆகார். உரோமப் பொற்காசு கோவை வட்டாரத்திற் கிடைக்கின்றது. அதனாற் கொங்கு நாட்டார் உரோமராகி விட்டனரா?

அயலானை மட்டும் பழிப்பது அறமன்று. தமிழ்நாடெங்கும் உள்ள பண்டைக் கற்குழிகளுக்குச் சிற்றூர் மக்கள் வழங்கும் பெயர் என்ன? ‘பாண்டவர் குழி’! வடவர் கதையிலுள்ள ஐவர், காடேகிய காலத்தில் வந்து கட்டிப் போனார்களாம்! தன் பாட்டனைப் புதைத்த குழியைப் பாண்டவர்க்கு எழுதிக் கொடுத்த தமிழன், அதே குழியை விண்ணவர்க்கு எழுதிக் கொடுக்க எத்தனை நாளாகும்? ஆரியத் தொன்மக் கதை அன்று செய்த வேலையைத்தான் விண்கலக் கதை இன்று செய்கின்றது.

வடவரின் விண்கலக் கதையும் ஆய்வுக்கு முன் நிற்கவில்லை. பண்டை முனிவர் அருளியதாகச் சொல்லப்பட்ட ‘வைமானிக சாத்திரம்’ என்னும் நூலை, பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்து அறிஞர் ஐவர் ஆய்ந்தனர். அந்நூல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்ததே என்றும், அதிற் சொன்னவாறு செய்த ஊர்தி பறக்காது என்றும் 1974-இல் வெளியிட்டனர். அதற்குப் பின்னும், 2015-இல் மும்பையில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் வேதகால வானூர்தி பற்றி மேடையேறிப் பேசினர்!

இவற்றைக் கண்டு நகைக்க வேண்டிய தமிழரிற் சிலர், நகைப்பதை விட்டுப் போட்டியிடுகின்றனர் என்பதே நெஞ்சைச் சுடும் செய்தி. ‘வடவர் வானூர்தி செய்தாரெனில், தமிழ்ச் சித்தர் அதற்கு முன்னரே செய்தனர், தமிழரே விண்ணிலிருந்து வந்தவர்’ என்று மார்தட்டுகின்றனர். இது பெருமையன்று; தற்கொலை! விண்ணிலிருந்து வந்தவனுக்கு இம்மண்ணில் என்ன உரிமை? விண்ணவன் கற்றுக் கொடுத்தவனுக்குத் தன் அறிவென்று எது? ஒரு பொய்யைத் தமிழிற் சொன்னால் அது தமிழாகி விடாது.

தமிழ் முன்னோர் இவ்வகையில் எவ்வளவு தெளிவாக இருந்தனர் என்பதற்குப் புறநானூறு சான்று. இறந்தோரை இடும் தாழியைக் குறித்த 228, 256-ஆம் பாடல்களைப் படிக்க. அவற்றிற் புலவர் விளித்துப் பேசுவது எவனை? மண் பிசைந்து தாழி வனையும் குயவனை! தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டிலும், ‘குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன்’ என்று தச்சனின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கின்றது. செய்தவன் பெயரைச் சொல்வது தமிழ் மரபு. மறைப்பது தமிழ் மரபன்று.

அம்மரபு உண்மையெனில், தமிழர் தம்மையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளல் வேண்டும். தோடர் ஏறத்தாழ இரண்டாயிரவரே. கோத்தர் ஏழு ஊர்களில் வாழும் சிறு குடியினர். இரும்படித்தும் மண் வனைந்தும் மரம் இழைத்தும் அம்மலைக்கே கருவி கொடுத்தவர். அவர்தம் மொழியைக் ‘கொச்சைத் தமிழ்’ என்று சொல்லும் தமிழனுக்கும், அவர்தம் கைவினையை அயலானுக்கு ஏற்றிய காங்கிரீவுக்கும் என்ன வேறுபாடு? அவர்தம் மொழி தமிழின் சிதைவன்று, தமிழின் உடன்பிறப்பு. தன் மொழியைச் சங்கதத்தின் கிளையென்று சொன்னவனை எதிர்த்துக் களம் கண்ட தமிழன், தன் உடன்பிறப்பின் மொழியைத் தன் மொழியின் கழிவென்று சொல்லலாமா? தாய்மொழியில் எழுதவும் கற்கவும் தமிழர் தமக்குக் கேட்கும் உரிமையைத் தோடர் பிள்ளைக்கும் கோத்தர் பிள்ளைக்கும் சேர்த்துக் கேட்பதே மெய்யான மொழிப்பற்று. கேளாவிடின், இன்னும் சில தலைமுறையில் ‘கொண்’ என்னும் சொல்லும் ‘கொய்’ என்னும் சொல்லும் ஏட்டில் மட்டுமே இருக்கும். அன்று அம்மலைக் கற்கள் உண்மையிலேயே அயலாரின் கற்களாகிவிடும்.

உதகையை அடுத்த முத்தொரையில் ஒரு மலைச்சரிவு உண்டு. அங்கே பேராசிரியர் கோவிந்து சுவரூப்பின் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் வானொலியலைத் தொலைநோக்கி ஒன்றை 1970-இல் அமைத்து முடித்தனர். நீளம் 530 மீட்டர்; அகலம் 30 மீட்டர்; 24 வளைசட்டங்களின் மேல் 1,100 எஃகுக் கம்பிகள். நிலநடுக்கோட்டிலிருந்து அவ்விடம் எத்தனை பாகை வடக்கே உள்ளதோ, ஏறத்தாழ அத்தனை பாகை, அதாவது 11 பாகை, சாய்ந்த சரிவையே தேடிக் கண்டு அமைத்தனர். அதனால் அதன் அச்சு நிலவுலகின் சுழலச்சுக்கு இணையாக அமைந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக அது வானத்தைக் கேட்டு வருகின்றது. துடிப்பு விண்மீன்களின் அலை வந்தது. தொலைவுப் பால்வெளிகளின் அலை வந்தது. கதிரவன் வீசும் காற்றின் சுவடும் வந்தது. விண்ணவனின் குரல் வந்ததாக அறிவியலார் எவரும் அறிவித்ததில்லை.

ஆயிரம் ஆண்டு கழித்து எவனோ ஒருவன் அச்சரிவில் துருப்பிடித்த வளைசட்டங்களைக் கண்டு, ‘தேயிலை பறித்த மக்களா இத்துணை நுண்கணக்கைப் போட்டிருப்பர்? விண்ணவரே வந்து அமைத்தனர்’ என்று நூல் எழுதலாம். அன்று அவன் பொய்யன் என்று சொல்ல ஒருவன் இருப்பான் எனில், அவன் செய்தவரின் பெயரை மறவாத குடியிற் பிறந்தவனாகத்தான் இருப்பான். அக்குடி தமிழ்க்குடியாக இருக்க வேண்டுமெனில், கல்லை அடுக்கியவன் மாந்தன், கலத்தை வனைந்தவன் மாந்தன், மொழியைப் படைத்தவன் மாந்தன் என்பதை ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளைக்கும் இன்றே சொல்லிக் கொடுத்தல் வேண்டும்.

விண்ணைப் பார்ப்பது அறிவு. விண்ணிடம் கையேந்துவது இழிவு!