மலையடியில் ஏன் குடியிருக்கிறோம்?

ஈப்போ குனோங் சீரோ, தைப்பூசத்துக்கு நாம் காவடி எடுத்துப் போகும் கல்லுமலை. 1973 அக்டோபர் 18-ல் அம்மலையின் பெரும்பாறை ஒன்று பிளந்து விழுந்து, அடிவாரக் குடியிருப்பை நசுக்கியது. சுமார் 40 உயிர்கள் பலியாயின.

"மலைக்கு அடியில போயி ஏன் குடியிருக்கணும்?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு.

தோட்டத்து ஜனங்களுக்குப் பதில் தெரியும். லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போச்சு. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பிறகு வீடமைப்புக்குக் கைமாறியபோதும், கிடைத்த இடத்தில் கூரை போட்ட குடும்பங்கள் எத்தனை! ஆபத்தான இடத்தில்தான் வாடகை குறைவு.

ஜப்பானியரும் பூமி அதிர்கிறதென்று ஊரைக் காலி செய்யவில்லை, பிழைப்பு அங்கேதானே. ஆனால் 1923 பூகம்பத்துக்குப் பிறகு கட்டடச் சட்டத்தை இறுக்கினார்கள். ஆண்டுதோறும் செப்டம்பர் 1-ல் தப்பிக்கும் பயிற்சி நடக்கிறது. அங்கே அரசாங்கமும் ஜனங்களும் சேர்ந்து காவல் காக்கிறார்கள்.

நம் பக்கம் மழைநீர் சுண்ணாம்புக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. வெடிப்பு அகன்று, ஒருநாள் பாறை கழன்று விழுகிறது. ஆகவே சிறுகற்கள் உதிர்ந்தாலோ, புது வெடிப்பு தெரிந்தாலோ, "பார்த்துக்கலாம்" என்று இருந்துவிடக் கூடாது. பிள்ளைகளோடு உடனே விலகுவோம். ஈப்போவிலுள்ள கனிம, புவி அறிவியல் இலாகாவுக்கும் நில அலுவலகத்துக்கும் தெரிவிப்போம்.

காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுப்பவர்கள், போக வேண்டிய இடத்தையும் காட்டட்டும். தனித்தனியாகப் போய்க் கெஞ்சினால் கதவு திறக்காது. எல்லாரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடுவோம்.