எடைக்குப் போகுமுன் கேட்டுவிடுங்கள்

"நல்லாத்தான் எழுதினேன்மா. எப்படி 38 வந்துச்சுன்னே தெரியலை..."

செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்று பல வீடுகளில் கேட்கும் வசனம்தான் இது. அழுது, அப்பாவிடம் திட்டு வாங்கி, சீனியர்களிடம் விசாரித்து, 'சரி, விடைத்தாளைக் கேட்டுப் பார்க்கலாம்' என்று முடிவெடுப்பதற்குள் சில மாதங்கள் ஓடிவிடும். அதற்குள் அந்த விடைத்தாள் காகித ஆலையில் கூழாகியிருக்கலாம். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம்.

பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு காகிதத்துக்கும் ஓர் ஆயுள் உண்டு. மதிப்பெண் பதிவேடு, பட்டம் பெற்றவர்களின் பதிவேடு போன்றவை என்றென்றும் இருக்க வேண்டியவை. கட்டண ரசீது, விண்ணப்பம் மாதிரியானவை தணிக்கை முடிந்து சில ஆண்டுகள் வரை இருக்கும். விடைத்தாளுக்குத்தான் ஆயுள் ரொம்பக் குறைவு. பாவம், அவர்களும் என்ன செய்வார்கள்? ஒரு லட்சம் மாணவர்கள், ஆளுக்கு 6 தாள் என்றால் ஒரே செமஸ்டரில் 6 லட்சம் விடைத்தாள்கள்! எத்தனை அறை இருந்தாலும் போதாது.

விடைத்தாளைப் பார்க்கும் உரிமை நமக்குச் சும்மா வந்துவிடவில்லை. 2008-ல் சி.பி.எஸ்.இ. தேர்வு எழுதிய ஒரு மாணவர், திருத்திய தன் விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டார். வாரியம் மறுத்தது. கொல்கத்தா உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போன அந்த வழக்கில், 2011 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. தேர்வு எழுதியவர் தன் விடைத்தாளைப் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். திருத்தியவர் யார் என்ற விவரத்தை மட்டும் மறைத்துக் கொடுப்பார்கள்.

ஆனால், அதே தீர்ப்பில் ஒரு கெடுவும் இருக்கிறது. விதிப்படி எத்தனை நாள் விடைத்தாளைப் பாதுகாக்க வேண்டுமோ, அதற்குள் கேட்டால்தான் கிடைக்கும். சி.பி.எஸ்.இ.க்கு அப்போது அது 3 மாதம். கெடு முடிந்தபின் கேட்டால், 'எங்களிடம் இல்லை' என்று சொல்லிவிடலாம். உங்கள் பிள்ளையின் பல்கலைக்கழகத்தில் எத்தனை நாள்? ரிசல்ட் வந்த வாரமே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் பிரிவில் கேட்டுவிடுங்கள். நகல், மறுகூட்டல், மறுமதிப்பீடு என ஒவ்வொன்றுக்கும் கடைசித் தேதி தனித்தனியாக இருக்கும்.

பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் போடுவதென்றால், தமிழ்நாட்டில் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ஒப்புகை கிடைக்கும் வகையில் தபாலில் அனுப்புங்கள். அந்தத் தேதிதான் உங்கள் கவசம். கேட்கப்பட்ட ஆவணத்தை அதற்குப் பிறகு அழித்தால், சட்டத்தின் 20-வது பிரிவுப்படி அந்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை அபராதம் போடலாம்.

அழிப்பதிலும் ஒரு முறை உண்டு. எந்தத் தேர்வு, எந்த ஆண்டு, எத்தனை கட்டு என்று பட்டியல் போட்டு, வழக்கோ விண்ணப்பமோ நிலுவையில் இல்லை என்று பார்த்து, மேலதிகாரி கையெழுத்திட்ட பிறகே வெளியே போக வேண்டும். அதுவும் கிழித்தோ கூழாக்கியோதான். விடைத்தாளை மொத்தமாக எடைக்குப் போட்டால் என்ன ஆகும்? யாரோ ஒரு பிள்ளை ராத்திரி கண் விழித்துப் படித்து எழுதியது, பஜ்ஜிக்கடையில் எண்ணெய் பிழியும். பதிவு எண்ணும் கையெழுத்தும் அப்படியே தெரிய!

ஆனால் அழியக் கூடாத பதிவேடு இருக்கிறதே, அதன் அருமை ஆபத்தில்தான் தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை, கடலூர் பக்கம் எத்தனையோ பேரின் சான்றிதழ்கள் தண்ணீரோடு போயின. அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி நகல் சான்றிதழ்கள் கொடுத்தது. எங்கோ ஓர் அலமாரியில் மூலப் பதிவு பத்திரமாக இருந்ததால்தான் அது முடிந்தது. வேலையில் சேர்ந்தபின் கேட்கப்படும் உண்மைத்தன்மைச் சான்றும் அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் வருகிறது.

30 வருடத்துக்கு முன் வாங்கிய பட்டத்துக்கு நகல் கேட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: பதிவு எண்ணும், தேர்வு எழுதிய மாதமும் வருடமும். இன்றைக்கே வீட்டில் எல்லாருடைய பதிவு எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சான்றிதழ்களை போட்டோ எடுத்து, போனில் மட்டும் இல்லாமல் இன்னோர் இடத்திலும் சேமியுங்கள். டிஜிலாக்கரில் உங்கள் பல்கலைக்கழகம் இருந்தால், அதையும் இறக்கிக்கொள்ளுங்கள்.