மொய் நோட்டும் மெயின் த்ரெட்டும்

மக்களே, இந்த வாரம் கொஞ்சம் ஆணி புடுங்குற சமாச்சாரம். "எனக்கு புரோகிராமிங் தெரியாதே"ன்னு ஓடிடாதீங்க. உங்க வீட்டுல ஒரு பிள்ளையாவது புனே, பெங்களூரு, ஹைதராபாத்னு எங்கயாச்சும் பொட்டி தட்டிக்கிட்டு இருக்கும். அப்படி இல்லேன்னாலும், ஊர்ல இருக்கிற அப்பா அம்மாவுக்குப் பணம் அனுப்புறது, பொங்கலுக்கு ரயில் டிக்கெட் போடுறது, மருந்து ஆர்டர் பண்றது எல்லாம் இந்தக் கையளவு கண்ணாடி வழியாத்தான். அந்தக் கண்ணாடி எப்ப உண்மை சொல்லுது, எப்ப பொய் சொல்லுதுன்னு தெரிஞ்சுக்கிறது எல்லாருக்கும் நல்லது.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். ஒரு செயலி படக்குனு மூடிக்கிட்டா அது சின்னத் தப்பு. நடக்காததை நடந்துச்சுன்னும், நடந்ததை நடக்கலைன்னும் காட்டினா அது பெரிய தப்பு. ஆனா எங்க தொழில்ல முதல் தப்புக்குத்தான் திட்டு விழுது. ரெண்டாவதை யாரும் கண்டுக்கிறதில்லை.

அடிப்படையில இருந்து வருவோம். நம்ம ஊர்க் கல்யாணத்துல மொய் எழுதுற மேசையை நினைச்சுக்கங்க. நோட்டு ஒண்ணு, பேனா ஒண்ணு, எழுதுறவர் ஒருத்தர். மாமா, சித்தப்பா, பங்காளின்னு நாலு பேர் கவர் வாங்கிக்கிட்டு வரலாம். ஆனா நோட்டுல கை வைக்கிறது அந்த ஒருத்தர் மட்டும்தான். ரெண்டு பேர் ஒரே நேரத்துல எழுதினா என்ன ஆகும்? ஒருத்தர் பேருக்கு நேரா இன்னொருத்தர் தொகை விழும். அப்புறம் அந்தச் சண்டை அடுத்த தலைமுறை வரைக்கும் ஓடும் :-)

மொபைல்ல அந்த மொய் எழுதுறவருக்குப் பேருதான் மெயின் த்ரெட். திரையில படம் வரையறதும் அவர்தான், உங்க விரல் எங்க பட்டுச்சுன்னு கவனிக்கிறதும் அவர்தான். சாதாரணத் திரை ஒரு விநாடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுது. அப்படின்னா ஒவ்வொரு தடவைக்கும் அவருக்குக் கிடைக்கிறது சுமார் 16 மில்லிவிநாடி. 120 தடவை புதுப்பிக்கிற ஃபோன்னா 8 மில்லிவிநாடிதான். இந்த மனுஷரைப் போய் "அப்படியே பேங்க் சர்வர்கிட்ட பாலன்ஸ் கேட்டுட்டு வாங்க"ன்னு அனுப்பினா, அவர் திரும்பி வர்ற வரைக்கும் மேசைக்கு முன்னாடி வரிசை நிக்கும். அதைத்தான் நாம "ஹேங் ஆயிடுச்சு"ன்னு சொல்றோம்.

அதனால நேரம் பிடிக்கிற வேலை, அதாவது நெட்வொர்க், டேட்டாபேஸ், படத்தைச் சுருக்குறது எல்லாம் பின்னணி ஆளுங்ககிட்ட போகணும். அவங்க வேலையை முடிச்சுட்டுக் கவரை மெயின் த்ரெட் கையில குடுக்கணும். நேரா நோட்டுல எழுதக் கூடாது. விதி அவ்வளவுதான்.

"பல பேர் எழுதுற மாதிரி நோட்டையே மாத்தி அமைச்சா என்ன?"ன்னு கேக்கலாம். கெட்டிக்காரங்க கேட்டுப் பார்த்த கேள்விதான் இது. ஜாவாவை உருவாக்கின சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ல இருந்த கிரஹாம் ஹாமில்டன் 2004ல இதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். பல த்ரெட் தொடக்கூடிய திரைங்கிறது கைகூடாத கனவுங்கிற தொனியில. அவர் சொன்ன காரணம் எளிமையானது. விரல் படுற சேதி கீழ இருந்து, அதாவது இயங்குதளத்துல இருந்து மேல வருது. "இதை வரை"ங்கிற கட்டளை செயலியில இருந்து கீழ போகுது. ரெண்டு பக்கமும் ஆளுக்கொரு பூட்டைப் போட்டுக்கிட்டு நடுவுல சந்திச்சா, ஒத்தையடிப் பாலத்துல எதிரெதிரா வந்த ரெண்டு பஸ் மாதிரி ரெண்டும் நிக்கும். அதனாலதான் ஆண்ட்ராய்டும் சரி, ஐஃபோனும் சரி, ஒத்தைப் பேனா முறையையே பிடிச்சுக்கிட்டாங்க.

ஆண்ட்ராய்டு இதுல கண்டிப்பான வாத்தியார். வேற த்ரெட் வந்து திரையைத் தொட்டா பெரும்பாலும் அந்த இடத்துலயே பிழை சொல்லிச் செயலியை மூடிடும். 2011ல வந்த 3.0 பதிப்புல இருந்து, மெயின் த்ரெட் நெட்வொர்க் பக்கம் போனாலும் அதே கதி. உங்க தட்டுக்கு 5 விநாடி பதில் வரலேன்னா "செயலி பதிலளிக்கவில்லை, காத்திருக்கவா மூடவா"ன்னு கேக்கும். ஐஃபோன் இந்த விஷயத்துல ரொம்ப நாள் கொஞ்சம் நழுவலாவே இருந்துச்சு. தப்பான த்ரெட்ல தொட்டா சில சமயம் ஒண்ணும் ஆகாது, சில சமயம் திரை தாமதமா மாறும், சில சமயம் விழுந்துடும். 2017ல எக்ஸ்கோட் 9 வந்தப்பதான், சோதிக்கும்போதே இதைக் கண்டுபிடிச்சுச் சொல்ற கருவி சேர்ந்துச்சு. 2021ல ஸ்விஃப்ட் 5.5 வந்ததும் "இது மெயின் த்ரெட் ஆளு"ன்னு நிரல்லயே முத்திரை குத்துற வசதி வந்தது.

கவர் கொண்டுவந்து குடுக்கிறதுக்கும் கருவிக்குப் பஞ்சமில்லை. ஆண்ட்ராய்டுல 2009ல வந்த அசிங்க்டாஸ்க்கை வெச்சுத்தான் ஒரு தலைமுறையே வேலை கத்துக்கிச்சு. திரை போனப்புறமும் அதைப் பிடிச்சுத் தொங்குறது, ஃபோனைத் திருப்பினா விழுறதுன்னு தொந்தரவு குடுத்ததால 2020ல ஆண்ட்ராய்டு 11ல "இனிமே இது வேண்டாம்"னு ஒதுக்கிட்டாங்க. இப்ப கோட்லின் கோரூட்டீன். ஆப்பிள் பக்கம் 2010ல இருந்து டிஸ்பாட்ச் க்யூ, அதுக்கப்புறம் அசிங்க் அவெய்ட்.

இங்கதான் எனக்கு என் சக ஆணிகளோட மாறுபாடு. "கடைசியில மெயின் த்ரெட்டுக்கு மாத்திட்டேன், கிராஷ் வரலை, வேலை முடிஞ்சுது"ன்னு எழுந்து டீ குடிக்கப் போயிடறாங்க. கிராஷ் வரலேங்கிறது பேனா ஒருத்தர் கையில இருக்குங்கிறதுக்கு மட்டும்தான் சாட்சி. எழுதினது சரிங்கிறதுக்கு இல்லை. விதியை ஒண்ணு கூட மீறாம மூணு விதமாப் பொய் சொல்ல முடியும்.

முதல் பொய், பழைய பதில். வெள்ளிக்கிழமைக்கு ரயில் தேடறீங்க. உடனே மனசு மாறி ஞாயித்துக்கிழமைக்கு மாத்தறீங்க. ரெண்டு கேள்வியும் சர்வருக்குப் போயிடுச்சு. ஞாயிறு பதில் முதல்ல வந்து உக்காருது. நெட்வொர்க்ல தள்ளாடி வந்த வெள்ளிக்கிழமை பதில் அதுக்கு மேல வந்து விழுது. மேல தலைப்பு ஞாயிறு, கீழ இருக்கிற சீட்டு எண்ணிக்கை வெள்ளி. எல்லாம் மெயின் த்ரெட்லதான் நடந்துச்சு, கிராஷும் இல்லை. மருந்து ரொம்ப சுலபம். புதுக் கேள்வி போனதும் பழசை ரத்து பண்ணணும். முடியலேன்னா ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நம்பர் குடுத்து, பதிலைத் திரையில போடறதுக்கு முன்னாடி "கடைசியாக் கேட்டது இதுதானா?"ன்னு ஒரு வரி சரிபார்க்கணும்.

ரெண்டாவது பொய், மண்டபத்தைக் காலி பண்ணினப்புறம் வர்ற கவர். ஃபோனைத் திருப்பினாலே ஆண்ட்ராய்டு வழக்கமா பழைய திரையை அழிச்சுப் புதுசாக் கட்டும். பின்னணி ஆளு பழைய முகவரிக்குப் போய்க் கவரைக் குடுக்கிறார். புதுத் திரையோ "ஏத்திக்கொண்டிருக்கிறது"ன்னு சக்கரத்தைச் சுத்திக்கிட்டே நிக்குது. பதிலைத் திரையில வைக்காம, திரை மாறினாலும் நிலைச்சு நிக்கிற வியூமாடல்ல வெச்சு, இருக்கிற திரை அதைப் பார்த்துத் தன்னை மாத்திக்கிட்டா இந்த வம்பு இல்லை. இன்னொண்ணும் பிரிச்சுப் பார்க்கணும். ரயில் தேடறது திரையோட சேர்ந்து சாகலாம். பணம் அனுப்புறது சாகக் கூடாது. திரும்பத் திறக்கும்போது "அந்த விஷயம் என்னாச்சு?"ன்னு சர்வரைத்தான் கேக்கணும். கணக்கு அங்கதான் இருக்கு, கண்ணாடியில இல்லை.

மூணாவதுதான் மகாப் பொய். பதில் வரலேன்னதும் "தோல்வி"ன்னு சிவப்புல போடறது. பின்னணி வேலை 30 விநாடி காத்திருந்து கையை விரிச்சுதுன்னா அதுக்கு அர்த்தம் "எனக்குத் தெரியலை"ங்கிறதுதான். "நடக்கலை"ங்கிறது இல்லை. கேள்வி போய்ச் சேர்ந்து, வேலையும் நடந்து, பதில் மட்டும் வழியில தொலைஞ்சிருக்கலாம். 2016ல யூபிஐ வந்தப்புறம் "நிலுவையில்"ங்கிற வார்த்தை நமக்கெல்லாம் பழகிப் போச்சு. எரிச்சலா இருக்கும். ஆனா அது நேர்மையான வார்த்தை. அதுக்குப் பதிலா "தோல்வி"ன்னு போட்டா ஜனங்க திரும்ப அனுப்புவாங்க. நானா இருந்தாலும் அனுப்புவேன்.

எங்க அடுக்குமாடியில ஒரு கும்பகோணத்து மாமி இருக்காங்க. ஊர்ல இருக்கிற அப்பா ஃபோனுக்கு மாசாமாசம் இங்க இருந்துதான் ரீசார்ஜ். செயலி வாலட்ல முன்னாடியே போட்டு வெச்ச பணம், பின் நம்பர் எதுவும் கேக்காது. ஒரு நாள் பட்டனைத் தட்டினாங்க, திரை அசையலை. இன்னொரு தடவை தட்டினாங்க. ரெண்டு ரீசார்ஜ் போயிடுச்சு. வாடிக்கையாளர் சேவைக்குக் கூப்பிட்டா, "நீங்கதானேம்மா ரெண்டு தடவை தட்டினீங்க"ன்னு பதில்.

மாமி மேல என்ன தப்பு? இது பாடப் புத்தகத்துல போடற மாதிரியான அறிகுறி. திரை உறைஞ்சிருக்கும்போது விழுற தட்டு காணாமப் போறதில்லை. வரிசையில நிக்கும். மெயின் த்ரெட் விடுபட்டதும் ஒண்ணொண்ணா நிறைவேறும். முதல் தட்டுலயே பட்டனை முடக்கிட்டு, வேலையைப் பின்னணிக்கு அனுப்பி, "நடந்துக்கிட்டிருக்கு"ன்னு ஒரு வரி காட்டியிருந்தா இது நடக்காது. ஒரே கோரிக்கைக்கு ஒரே அடையாள எண் போட்டு, அது ரெண்டாம் முறை வந்தா சர்வர் கண்டுக்காம விடற மாதிரி அமைக்கிறதும் பழைய வித்தைதான். சில மணி நேர வேலை. அதைச் செய்யாம விட்டுட்டு, ஜனங்க விரலைக் குத்தம் சொல்றது எந்த ஊர் நியாயம்?

இது ஏன் திருந்த மாட்டேங்குது? அளவுகோல்தான் காரணம்னு நான் நினைக்கிறேன். கூகுள் பிளே, ஒரு நாள் பயனாளர்கள்ல 0.47 சதவீதத்துக்கு மேல உறைஞ்ச திரையைப் பார்த்தா அந்தச் செயலியை மோசம்னு குறிக்குது. கிராஷுக்கு 1.09 சதவீதம். அந்த நம்பர் சிவப்பானா மேனேஜர் ஓடி வர்றார். ஞாயித்துக்கிழமை தலைப்புல வெள்ளிக்கிழமை சீட்டைக் காட்டினதுக்கு மீட்டரே இல்லை. மீட்டர் இல்லாத தப்பை யாரும் திருத்த மாட்டாங்க.

"புது லைப்ரரி எல்லாம் பார்த்துக்கும்"னு ஒரு வாதம் உண்டு. எந்தக் கையில பேனாங்கிறதை லைப்ரரி பார்த்துக்கும். கவருக்குள்ள இருக்கிறது பழசா புதுசான்னு அதுக்கு எப்படித் தெரியும்? அதை எழுதுற மனுஷன்தான் யோசிக்கணும்.

"எல்லாத்துக்கும் சர்வர் பதிலுக்குக் காத்திருந்தா செயலி ஆமை மாதிரி இருக்குமே"ங்கிறது இன்னொரு வாதம். இதுல நியாயம் இருக்கு. ஒரு ஃபோட்டோவுக்கு லைக் போட்டா இதயம் உடனே சிவக்கட்டும். அப்புறம் நடக்கலேன்னா திருப்பிக்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை. என் கணக்கு இதுதான்: திரும்பப் பெறக்கூடியதுக்குத் திரை முந்திக்கலாம். பணம், டிக்கெட், மருந்து, டாக்டர் நேரம் இதுக்கெல்லாம் முந்திக்கக் கூடாது.

பொட்டி தட்டுற தம்பி தங்கச்சிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆபீஸ் வைஃபையில, புத்தம் புது ஃபோன்ல ஓட்டிப் பார்த்து "நல்லாத்தானே ஓடுது"ன்னு சொல்லாதீங்க. அம்மா வெச்சிருக்கிற மாதிரி மெமரி கம்மியான ஃபோன் ஒண்ணு வாங்கி மேசையில வைங்க. நெட்வொர்க்கை வேணும்னே மெதுவாக்குங்க. வேலை நடக்கிறப்ப ஃபோனைத் திருப்புங்க, நடுவுல ஒரு அழைப்பு வரட்டும். டெவலப்பர் ஆப்ஷன்ல, விட்டு வெளிய வந்ததும் திரையை அழிச்சிடற அமைப்பு ஒண்ணு இருக்கு. அதைப் போட்டு ஓட்டுங்க. மெயின் த்ரெட் கள்ளத்தனமா டிஸ்க், நெட்வொர்க் பக்கம் போனாப் பிடிச்சுக் குடுக்க ஸ்ட்ரிக்ட்மோட் 2010ல இருந்தே இருக்கு. வெள்ளிக்கிழமை ரிலீஸ் அவசரத்துல இதை விடறவங்க, திங்கக்கிழமை ஊர்ல யாரோ ஒரு பெரியவர் பேங்க் வாசல்ல நிப்பார்ங்கிறதை நினைச்சுக்கங்க.

பொட்டி தட்டாதவங்களுக்கும் ரெண்டு வார்த்தை. திரை உறைஞ்சா திரும்பத் தட்டாதீங்க. "தோல்வி"ன்னு வந்தாலும் உடனே மறுபடி அனுப்பாதீங்க. முதல்ல செயலியோட பழைய பரிவர்த்தனைப் பட்டியலையும், பேங்க் கணக்கையும் பாருங்க. ஊர்ல அப்பா அம்மாவுக்கும் இதை ஃபோன்ல ஒரு தடவை சொல்லிடுங்க. சேவை மையத்துல "நீங்கதான் ரெண்டு தடவை தட்டினீங்க"ன்னு சொன்னா, "ரெண்டாவது தட்டை உங்க செயலி ஏன் வாங்கிச்சு?"ன்னு தைரியமாக் கேளுங்க. கேக்குறவங்க எண்ணிக்கை கூடினா ஒருவேளை அதுக்கும் ஒரு மீட்டர் வைப்பாங்க.

மாற்றுக் கருத்து இருக்கிறவங்க தாராளமாப் பின்னூட்டத்துல கும்மலாம். நான் தயார் :-)

டிஸ்கி: "ஏத்திக்கொண்டிருக்கிறது"ன்னு சக்கரம் சுத்துறதும், வேலை நடக்குறதும் வேற வேற. சக்கரம் சுத்துதேன்னு நம்பிடாதீங்க.