டிராக்டர் இன்ஜினில் ஆயில் கசிவு: வண்டியைப் பிரிக்கும் முன் ஒரு பார்வை

கேள்வி: 'எங்களிடம் 45 ஹெச்.பி. டிராக்டர் இருக்கிறது. வாங்கி 9 வருடம் ஆகிறது. ஒரு மாதமாக இன்ஜினுக்கும் கிளட்ச் ஹவுசிங்குக்கும் நடுவே ஆயில் சொட்டுகிறது. பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது, வண்டியை இரண்டாகப் பிரித்துத்தான் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். சம்பா உழவுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. உடனே பிரிப்பதா, உழவை முடித்துவிட்டுப் பார்ப்பதா?'
- மன்னார்குடி பகுதி வாசகர்

பதில்: மெக்கானிக் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால், ஆயில் சொட்டும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆயில் எப்போதும் கீழ்நோக்கி இறங்கும். வண்டி ஓடும்போது ரேடியேட்டர் விசிறியின் காற்று அதைப் பின்னோக்கியும் தள்ளும். அதனால் டேப்பெட் கவரின் பின்மூலையில் பேக்கிங் விட்டிருந்தாலும், அந்த ஆயில் இன்ஜின் முதுகு வழியாக வழிந்து, ஹவுசிங் சேரும் இடத்தில்தான் வந்து சொட்டும். பார்ப்பதற்குப் பின் சீல் போனது போலவே இருக்கும். டேப்பெட் கவர் பேக்கிங்கை மாற்ற அரை மணி நேரம் போதும். பின் சீல் என்றால் வண்டியை இரண்டாகப் பிரித்தாக வேண்டும். அதனால் ஒருநாள் செலவழித்து இடத்தைக் கண்டுபிடிப்பது நல்லது.

இன்ஜின் ஆறியபின் டீசலும் பிரஷும் கொண்டு வெளிப்புறத்தை மேலிருந்து கீழாகக் கழுவித் துணியால் துடைக்க வேண்டும். சூடான இன்ஜினில் தண்ணீர் பீய்ச்சக் கூடாது. டைனமோ, செல்ப் மோட்டார் பக்கம் தண்ணீரே ஆகாது. நன்றாகக் காய்ந்த பிறகு, சந்தேகமான இணைப்புகளில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவலாம். பிறகு இருபது நிமிடம் வண்டியை ஓடவிட்டு, நிறுத்தி, டார்ச் அடித்துப் பார்த்தால் பவுடரில் ஈரக்கோடு தெரியும். அந்தக் கோட்டின் மேல்நுனிதான் கசிவு தொடங்கும் இடம். ஓடும் இன்ஜின் அருகே தோளில் துண்டோடு குனியக் கூடாது. விசிறிக்கும் பெல்ட்டுக்கும் ஒரு நொடி போதும்.

மேலே எல்லாம் காய்ந்திருந்து, கிளட்ச் ஹவுசிங்கின் அடித்துளையில் மட்டும் ஆயில் வருகிறதா? அப்போதும் அது இன்ஜின் ஆயில்தானா என்று பார்க்க வேண்டும். அந்த ஹவுசிங்குக்கு முன்னால் இன்ஜின் இருக்கிறது, பின்னால் கியர்பாக்ஸ் இருக்கிறது. கியர்பாக்ஸின் முன் சீல் விட்டாலும் அதே துளையில்தான் வரும். ஒரு வெள்ளைத்தாளில் இன்ஜின் டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டு, கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டு, துளையிலிருந்து ஒரு சொட்டு வையுங்கள். டீசல் இன்ஜின் ஆயில் கரியேறிக் கறுத்திருக்கும். கியர் ஆயில் அவ்வளவு கறுக்காது. மூன்றாவது சொட்டு எதன் ஜாடை என்பது பெரும்பாலும் பார்த்தவுடன் தெரிந்துவிடும். இரண்டில் எதன் அளவு குறைந்துகொண்டே போகிறது என்பதும் துப்புக் கொடுக்கும்.

இன்னொன்றைப் பல பட்டறைகளில் பார்ப்பதே இல்லை: பிரீத்தர் குழாய். எரிந்த வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி அடியில் இறங்குவது எல்லா இன்ஜினிலும் உண்டு. அது வெளியேற வழி இந்தக் குழாய்தான். சேறு அடைத்தாலோ, நிறுத்தி வைத்திருந்த காலத்தில் குளவி கூடு கட்டினாலோ வாயு உள்ளேயே தேங்கி, எந்த சீல் இளைத்ததோ அதன் வழியாக ஆயிலை வெளியே தள்ளும். புது சீல் போட்டாலும் சில வாரத்தில் அதே கதைதான். குழாயைக் கழற்றி டீசலில் கழுவி ஊதினால் சில வண்டிகளில் கசிவு அத்தோடு நின்றுவிடும்.

பிரீத்தர் சுத்தமாக இருந்தும் கசிவு நிற்கவில்லை என்றால், ஐடிலில் ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் திறந்து, துளையின் மேல் கவிழ்த்து வைக்கவும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், சூடான ஆயில் தெறிக்கும். லேசான புகை இயல்பு. மூடி தாவிக் குதித்து, புகை குபுகுபுவென்று வந்தால் ரிங்குகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். அந்த நிலையில் சீலுக்கு மட்டும் செலவு செய்வது வீண்.

டிப்ஸ்டிக் அளவையும் சமதளத்தில், வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். மேல்கோட்டுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் ஆயில் நுரைத்து வெளியே வரும். ஊற்றாமலேயே அளவு ஏறியிருந்து டீசல் வாடை அடித்தால், பம்ப் பக்கமிருந்து டீசல் கலக்கிறது. ஆயில் பால் கலந்த காபி போலிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இந்த இரண்டிலும் வண்டியை ஓட்டவே கூடாது.

சிறு கசிவுகளுக்கு: டிரெயின் போல்ட்டில் புது செம்பு வாஷர் போட்டால் போதும். ஃபில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்; அதை எடுக்காமல் புதியதை மாட்டினால் கொட்டும். டேப்பெட் கவர் போல்ட்டை இன்னும் இறுக்கினால் கசிவு நிற்கும் என்பது தவறு. கார்க் பேக்கிங் பிதுங்கி உடைந்து, கசிவு கூடத்தான் செய்யும். பேஸ்ட்டையும் அள்ளிப் பூசக் கூடாது. உள்ளே பிதுங்கிய துணுக்குகள் ஆயில் பம்பின் சல்லடையை அடைத்தால், போவது இன்ஜின்.

இவ்வளவும் பார்த்தபின் பின் சீல்தான் என்று உறுதியானால், கேள்விக்கு வருவோம். புழுதி உழவு, டிரெய்லர் ஓட்டம் என்றால் கொஞ்ச நாள் தள்ளலாம். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் மணிக்குச் சுமார் 180 மில்லி. 8 மணி நேர வேலைக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். அந்த வேகத்தில் தள்ளிப்போட இடமில்லை. பத்து, பதினைந்து நொடிக்கு ஒரு சொட்டு என்றால், தினமும் காலையில் அளவு பார்த்து ஊற்றிச் சமாளிக்கலாம்.

சேற்றுழவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சேற்றில் இறங்கும் முன் அந்த அடித்துளையை பிளக் போட்டு அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் சேற்றுத் தண்ணீர் கிளட்சுக்குள் ஏறிவிடும். அடைத்தாலோ, கசியும் ஆயில் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கி, பிளைவீல் சுற்றலில் தெறித்து கிளட்ச் பிளேட்டை நனைக்கும். நடு வயலில், கேஜ் வீலோடு கிளட்ச் வழுக்கினால் வண்டியைக் கரையேற்ற இன்னொரு டிராக்டர் வேண்டும். ஆயில் ஊறிய பிளேட்டைத் துடைத்துப் போடுவதும் நிலைக்காது, மாற்றத்தான் வேண்டும்.

ஆகவே மூன்று வாரம் இருக்கும் இப்போதே பிரித்துவிடுவது மேல். உழவு தொடங்கிய பிறகு பட்டறைகளில் இடம் கிடைப்பது கடினம். பிரிக்கும்போது கூடவே இருந்து பாருங்கள். கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், கியர்பாக்ஸ் முன் சீல் மூன்றையும் அப்போதே பார்த்து, தேய்ந்ததை மாற்றிவிட வேண்டும். இதற்காக அடுத்த வருடம் மறுபடி பிரித்தால் கூலி இரட்டிப்பு. கிராங்கில் சீல் உதடு உரசும் இடத்தில் விரல் நகத்தை ஓட்டினால் பள்ளம் தட்டுகிறதா என்று பாருங்கள். தட்டினால் புது சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்கவோ, மெல்லிய வளையம் ஏற்றவோ முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். சீல் உதட்டில் ஆயில் தடவாமல் ஏற்றினால் முதல் ஓட்டத்திலேயே கருகிவிடும்.

எப்படியும் இப்போதே பிரிக்க முடியாத நிலை என்றால், தினமும் உழவு முடிந்து வரப்பேறியதும் பிளக்கைக் கழற்றி ஒரு டம்ளரைப் பிடியுங்கள். நாலைந்து சொட்டு என்றால் மறுநாளும் இறங்கலாம். அரை டம்ளர் சேர்ந்தால் அந்த வண்டியைச் சேற்றில் இறக்காமல், வாடகை டிராக்டர் சொல்லிவிடுங்கள். சீசன் முடிந்ததும் பிளக்கை எடுத்துவிட்டு, துளையில் வழக்கமான பின்னைப் போட மறக்கக் கூடாது.