மூளையைச் சோல்டர் பண்ணாதேங்கோ

எங்கட வளாகங்களில் 'ஸ்மார்ட்' என்ற சொல்லுக்கு நல்ல மவுசு. ஸ்மார்ட் விவசாயம், ஸ்மார்ட் மீன்பிடி, தாங்கியில் தண்ணி எவ்வளவு நிற்கிறது என்று போனுக்குச் சொல்லும் ஸ்மார்ட் பெட்டி. கண்காட்சி முடியும், படம் எடுப்பினம், ஒன்றிரண்டு பெட்டிகள் குறிகட்டுவானில் படகேறித் தீவுகளுக்கும் போகும். ஆறு மாதம் கழித்து அந்தப் பெட்டிக்கு என்ன நடந்தது என்று மட்டும் ஒருத்தரும் எழுதுவதில்லை.

நாங்கள் கலைப்பீடத்து ஆக்கள். "உங்களுக்குச் சேர்க்கிட் பலகையில என்ன வேலை?" என்று கேட்பினம். பழுதானால் ஆர் திருத்துவது, அதுக்கு ஆரிடம் போய் நிற்க வேணும், எத்தனை நாள் காத்திருக்க வேணும் என்பதெல்லாம் அதிகாரம் பற்றிய கேள்விகள். அதைத்தான் நாங்கள் படிக்கிறோம். மிச்சத்தைப் பொறியியல் படிக்கும் நண்பர்களிடம் கேட்டும் பலகையைக் கையில் வைத்துப் பார்த்தும் தெரிந்துகொண்டோம்.

விசயம் இதுதான். இந்தப் பெட்டிகளுக்குள் மூளையாக இருப்பது ஒரு மைக்ரோகொன்ட்ரோலர் சிப். அதைப் பலகையில் நேரடியாகச் சோல்டர் பண்ணலாம். இல்லையென்றால் சிப்போடு வரும் சின்ன மொடியூலை வாங்கி, இரண்டு வரிசைச் சொக்கட் வைத்த இன்னொரு பலகையில் சொருகலாம். மின் வழங்கல், பியூஸ், ரிலே, சென்சர் வயர் பூட்டும் இடம் எல்லாம் அந்தப் பெரிய பலகையில் இருக்கும். அதைக் கரியர் பலகை என்கிறார்கள். சைக்கிள் கரியர் மாதிரித்தான்: மூட்டை மாறும், கரியர் அப்படியே நிற்கும்.

நாங்கள் சொல்வது: குறிகட்டுவானுக்கு அங்கால போகும் எந்தப் பலகையிலும் மூளை கழற்றக்கூடியதாக இருக்க வேணும். அப்படி இல்லாத பெட்டியை முடிந்த வேலையாகக் கணக்கில் எடுக்கக்கூடாது.

ஏன் குறிகட்டுவான்? யாழ்ப்பாணத்தில் இருந்து வேலணை, புங்குடுதீவு என்று வரும் தரைவழி அங்கே முடிகிறது. நயினாதீவு பக்கம்தான், நெடுந்தீவுக்குக் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. சிப்பைச் சோல்டர் பண்ணின பலகை அங்கே செத்தால் கழற்றிப் பொதி பண்ணி, படகிலும் பஸ்ஸிலும் ஏற்றி, சூட்டுக்காற்று இயந்திரம் வைத்திருக்கும் ஒருத்தரைத் தேட வேணும். கழற்றும் மூளை என்றால், புரோகிராம் ஏற்றிய இன்னொரு மொடியூலைப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்தால் போதும். ஓ.எல். படிக்கும் பிள்ளை ஐந்து நிமிடத்தில் மாற்றும். ராஸ்பெரி பை பிக்கோ 2021 இல் வந்தபோது விலை 4 டொலர். அந்தக் காசுக்கு ஒரு உதிரி வைக்க மனமில்லாதவர்கள் தீவுக்கு ஸ்மார்ட் கொண்டுபோக வேண்டாம்.

இந்த ஊருக்கு இதை விளங்கப்படுத்த வேண்டியிருப்பதே வெட்கம். 90களில் பொருளாதாரத் தடையில் பற்றரி கிடையாது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட தலைமுறை எங்கட அம்மா அப்பா. அது ஏலுமாக இருந்ததற்குக் காரணம், அந்த ரேடியோவைத் திறக்கலாம், இரண்டு வயரைப் பிடித்துக் கொடுக்கலாம். அதை வீரக்கதையாக மேடையில் சொல்லிக்கொண்டே திறக்க ஏலாத பெட்டி செய்கிறோம்.

எதிர்வாதம் ஒன்று உண்மையிலேயே பலமானது. உப்புக் காற்று. சொக்கட்டுக்குள் உப்பும் ஈரமும் போய்ப் பிடித்தால் தொடுகை விடும், படகு மோட்டர் அதிர்வில் மொடியூல் இளகும், ஆகவே சோல்டர்தான் உறுதி என்கிறார்கள். சொக்கட் பலவீனமான இடம்தான். ஆனால் பலவீனத்துக்கு மருந்து இருக்கிறது. தங்கப்பூச்சுக் காலுக்குத் தங்கப்பூச்சுச் சொக்கட். ஒரு பக்கம் தங்கம், மறுபக்கம் தகரம் என்று கலக்கக்கூடாது. சொக்கட்டுகளை மறைத்துவிட்டுப் பலகை முழுக்கப் பாதுகாப்பு வார்னிஷ் அடிக்கலாம். மொடியூலின் துளையில் ஸ்க்ரூ போடலாம், துளை இல்லாவிட்டால் மேலால் ஒரு பட்டி. தண்ணி புகாத பெட்டி எப்படியும் வேணும். இவ்வளவும் செய்தும் தொடுகை விட்டால் கழற்றித் துடைத்துச் சொருகலாம். உப்புப் பிடித்த சோல்டரைத் துடைக்க ஏலுமோ?

சொக்கட் வைத்தால் மட்டும் புண்ணியம் இல்லை, அதையும் சொல்ல வேணும். ஈ.எஸ்.பி.32 மொடியூலில் 30 கால் ஒன்று, 38 கால் ஒன்று என்று கடைக்குக் கடை வேறு. படத்தை மட்டும் பார்த்துப் பலகை வரைந்தால் அடுத்த முறை வாங்குவது சொருகாது. 12 என்று எண்ணிட்ட காலில் மின்னழுத்தம் நிற்கிற மாதிரி சென்சரைப் பூட்டினால், வழக்கமான மொடியூல்கள் எழும்பவே எழும்பாது. 34 முதல் 39 வரை உள்ள கால்கள் கேட்கும், பேசாது. ரிலேயை அதில் பூட்டிவிட்டுப் புரோகிராமைத் திட்டுவதில் பலனில்லை. அன்ரெனாவின் கீழே செம்பு போட்டால் வைஃபை தேயும். 5 வோல்ட் சென்சரை 3.3 வோல்ட் காலுக்கு நேரே கொடுத்தால் மூளை போகும். நல்ல கரியர் பலகை இதையெல்லாம் தன் மேலேயே எழுதி வைத்திருக்கும், தமிழில். பலகையில் எழுத்து அச்சிடத் தனிக்காசு கேட்பதில்லை. தமிழைப் படமாக்கிப் போட்டால் சரி.

யாருடைய சொக்கட் என்பதும் கேள்விதான். ராஸ்பெரி பை கம்பியூட் மொடியூலுக்கு 2014 முதல் ஒரே மாதிரி இணைப்பி இருந்தது; 2020 இல் நாலாவது பதிப்பில் கொம்பனி அதை மாற்றியது, பழைய கரியர் பலகைகளில் புதியது ஏறாது. மறுபக்கம் ஆர்டுயினோவைப் பாருங்கோ. அதன் இரண்டு சொக்கட்டுகளுக்கு இடையில் உள்ள இடைவெளி ஒழுங்கான அளவில் இல்லை. அதை நேராக்கினால் உலகம் முழுக்க இருக்கும் துணைப்பலகைகள் ஏறாது என்பதற்காக இன்றைக்கும் அப்படியே வைத்திருக்கிறார்கள். பாவிக்கிறவனுக்குக் காட்டும் மரியாதை அதுதான். நாங்கள் கேட்டால், 2.54 மில்லிமீற்றர் இடைவெளிச் சாதாரணச் சொக்கட்டையே வையுங்கோ என்போம். 1960களில் இருந்து இருக்கும் அளவு, எந்தக் கடையிலும் கிடைக்கும்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரியன், காற்று, பற்றரி, டீசல் சேர்ந்த மின் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் இந்திய நிதியில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதுக்கு முன் சீனக் கொம்பனிக்குப் போக இருந்தது. சீனாவா இந்தியாவா என்று நாங்கள் வாய் நோகக் கதைத்தோம். கட்டுப்பாட்டுப் பெட்டி நின்றால் அதைத் திறக்கும் உரிமையும் வரைபடமும் தீவில் ஆரிடம் இருக்கும் என்ற கேள்வி எங்கட காதில் விழவில்லை. பெரிய பெட்டியிடம் அதைக் கேட்க வேணும் என்றால் எங்கட சின்னப் பெட்டியில் இருந்து தொடங்குவோம்.

அடுத்த கண்காட்சிக்கு நடுவராகப் போகிறவர்களே, மினுக்கிற லைற்றைப் பார்த்து மாக்ஸ் போடாதேங்கோ. மூளையைக் கழற்றிக் கையில் தரச் சொல்லுங்கோ, உதிரியைச் சொருகி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கோ. ஸ்க்ரூட்ரைவர் நாங்கள் கொண்டுவாறம்.